சாயலும் உறவும்

1

நாலு வருஷங்களுக்கு முன்பு இந்தப் பத்திரிகையில் ஒரு கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதினேன். ஒரு புதிய கவியின் முதல் தொகுதி. மொத்தம் நாற்பத்தெட்டுப் பக்கம். வரிகள் துண்டு துண்டாக, பெரும்பாலும் வினைச்சொல் இல்லாமல், பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போயின. பி.ஏ.யில் ஆங்கிலம் படித்தவனாதலால் அந்த அடுக்கை வேறெங்கோ பார்த்தமாதிரி இருந்தது எனக்கு. ஓர் ஐரோப்பியக் கவியின் பெயரைச் சொல்லி, அவருடைய நிழல் இது என்று எழுதி முடித்துவிட்டேன். ஒரு மாதம் கழித்துக் கவியிடமிருந்து ஒரு கார்டு வந்தது. நான் சொன்ன கவியைத் தான் படித்ததேயில்லை என்ற ஒரு வாக்கியம்தான் அதில் இருந்தது. படிக்காமலும் பாதிப்பு வரும், ஒரு காலத்தின் காற்றிலேயே அது கலந்திருக்கும் என்றெல்லாம் பதில் எழுதினேன். புத்திசாலித்தனமான பதில் என்று அப்போது நினைப்பு. அதற்குப் பிறகு அவர் எழுதி எதுவும் அச்சில் வந்து நான் பார்க்கவில்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கவியைப் பற்றியதல்ல. ஆஸ்திரேலியாவில் உள்ள இரண்டு மிருகங்களையும், அழிந்துபோன அவற்றின் சொந்தக்காரர்களையும் பற்றியது. வங்கிக் குமாஸ்தாவான எனக்கு மிருகங்களைப் பற்றி எழுத எந்த யோக்யதையும் இல்லை. ஆனால் சாயலை வைத்து உறவு சொல்வது எப்படித் தப்புகிறது, அந்தத் தப்பு எப்படி, எவ்வளவு காலம் கழித்துத் திருத்தப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்கு இலக்கிய சரித்திரத்தில் கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

2

கோவாலாவைப் படத்திலாவது பார்க்காதவர்கள் குறைவு. யூகலிப்டஸ் கிளையைக் கட்டிக்கொண்டு தூங்கும் சாம்பல் நிற ஜந்து. 'கோவாலா கரடி' என்று சொல்லித்தான் பலருக்கும் பழக்கம். வொம்பாட் அவ்வளவு பிரசித்தமில்லை. குட்டைக் கால், தடித்த உடம்பு, வால் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. மண்ணில் வளை தோண்டிப் பகலில் உள்ளே கிடக்கும். ராத்திரி வெளியே வந்து புல் மேயும். ஒன்று மரத்தின் மேல், மற்றது மண்ணுக்குக் கீழே. ஒன்று இலை தின்னும், மற்றது புல் தின்னும். இரண்டிற்கும் வயிற்றில் குட்டியைச் சுமக்கும் பை உண்டு. ஆனால் அது கங்காருவுக்கும் உண்டு, இன்னும் பலவற்றுக்கும் உண்டு. இவ்விரண்டும் நெருங்கிய சொந்தம் என்று பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் தோன்றாது.

ஆனால் இன்றைய விலங்கியல் அதைத்தான் சொல்கிறது. உயிரோடிருப்பவற்றில் கோவாலாவுக்கு மிக நெருங்கிய சொந்தம் வொம்பாட்; வொம்பாட்டுக்குக் கோவாலா. கங்காருக்களும் மரங்களில் திரியும் போஸம் வகைகளும் வேறு கிளை. இந்தக் கிளைக்கு வொம்பாட்டிபார்மிஸ் என்று பெயர். இதில் இன்று மிஞ்சியிருப்பவை நான்கே ஜாதிகள்: ஒரு கோவாலா, மூன்று வொம்பாட்கள். அழிந்தவை இவற்றைப்போலப் பல மடங்கு. அவற்றில் காண்டாமிருகம் அளவுக்கு இருந்தது உண்டு, மாமிசம் தின்றது உண்டு, மரமேறியது உண்டு. இந்தக் குடும்பத்தைக் குடும்பம் என்று கண்டுகொள்ள ஏறக்குறைய 180 வருஷம் ஆயிற்று.

இரண்டையும் பற்றிய ஐரோப்பியரின் ஆரம்பப் பதிவுகள் ஒரே நாளில், ஒரே டைரியில் இருக்கின்றன என்பது விசித்திரம். 1798 ஜனவரி 26. சிட்னிக் குடியிருப்பின் கவர்னர் ஹன்டரின் வேலையாளான ஜான் ப்ரைஸ் என்ற இளைஞன், உள்நாட்டைப் பார்த்துவரப் புறப்பட்ட ஒரு சிறு குழுவோடு போனான். வழிகாட்டி வில்சன் என்பவன். தண்டனை முடிந்த பிறகு ஆதிகுடிகளோடு வாழ்ந்து அவர்கள் பாஷை தெரிந்தவன். அவன் சொன்ன பெயர்களை ப்ரைஸ் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டான். வொம்பாட்டைப் பற்றி எழுதும்போது அது இங்கிலாந்தில் உள்ள பாட்ஜர்போல இருக்கும் என்றான். அடுத்த வாக்கியத்தில் கோவாலா. அது அமெரிக்காவின் ஸ்லாத்போல இருக்கும் என்றான்.

ப்ரைஸைக் குறை சொல்ல முடியாது. புதிதாக ஒன்றைப் பார்க்கிறவன் தெரிந்த ஒன்றைச் சொல்லித்தான் அதை விவரிக்க முடியும். 'போல' என்ற சொல் அந்த டைரியில் நேர்மையாக இருக்கிறது. அந்தச் சொல் பிற்பாடு காணாமல்போனதுதான் சங்கடம்.

லண்டனில் ஜார்ஜ் ஷா 1800இல் வொம்பாட்டுக்கு 'கரடி போன்ற' என்ற பொருளில் ஜாதிப் பெயர் வைத்தார். 1803இல் பாரிஸில் ஜெப்ராய் அதன் பல்லைப் பார்த்து 'பை எலி' என்று பொருள்படும் பெயர் ஒன்றைக் கொடுத்தார். வொம்பாட்டின் பற்கள் எலியின் முன்பல்லைப்போலத் தேயத்தேய வளர்ந்துகொண்டே இருப்பவை. 1810இல் ஜார்ஜ் பெர்ரி கோவாலாவின் படத்தைப் போட்டு அதை ஒரு ஸ்லாத் என்றார். 1816இல் ப்ளெய்ன்வில் கோவாலாவுக்கு வைத்த பெயரின் அர்த்தம் 'பைக் கரடி'. மறு வருஷம் கோல்ட்பஸ் 'சாம்பல் நிற' என்று சேர்த்தார். இன்றும் சட்டபூர்வமான விஞ்ஞானப் பெயர் அதுதான்: சாம்பல் நிறப் பைக் கரடி. ஒன்று எலி, ஒன்று கரடி என்றானபின் இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்க யாருக்குத் தோன்றும்?

இத்தனைக்கும் நடுவில், 1808இல், லண்டன் அறுவை வைத்தியர் எவரார்ட் ஹோம் ராயல் சொஸைட்டியின் ஏட்டில் வொம்பாட்டின் உடலமைப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பாஸ் ஜலசந்தித் தீவு ஒன்றிலிருந்து வந்து, இரண்டு வருஷம் வீட்டில் வளர்ந்து செத்துப்போன ஒரு வொம்பாட்டை அறுத்துப் பார்த்து எழுதியது அது. அதன் கடைசிப் பகுதியில் கோவாலா தலைகாட்டுகிறது. கோவாலாவும் வொம்பாட்டில் ஒரு வகைதான் என்கிறார் ஹோம். துணைகவர்னர் பேட்டர்சன் அனுப்பிய குறிப்பையும் சேர்த்திருக்கிறார்: அந்த ஊர்க்காரர்கள் இந்தப் பிராணியைக் 'கோவாலா வொம்பாட்' என்று சொல்கிறார்கள், 1803 ஆகஸ்டில்தான் அது முதலில் சிட்னித் துறைமுகத்துக்கு வந்தது என்று.

ஆக, கோவாலாவைப் பற்றி அச்சான முதல் விஞ்ஞான விவரணையிலேயே சரியான விடை இருக்கிறது. யாரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. இந்த இடத்துக்கு நான் பிறகு திரும்பி வருகிறேன்.

3

உயிரோடிருப்பவற்றின் கதை இப்படி என்றால் எலும்புகளின் கதை இன்னும் சிக்கலானது.

1830இல் நியூ சவுத் வேல்ஸின் வெல்லிங்டன் என்ற இடத்துச் சுண்ணாம்புக் குகைகளில் ஜார்ஜ் ராங்கன் என்பவர் இறங்கினார். பாறை முனை என்று நினைத்து அவர் கயிற்றைக் கட்டியது ஒரு பெரிய எலும்பு என்று பிறகுதான் தெரிந்ததாகச் சொல்கிறார்கள். அதே வருஷம் சர்வேயர் ஜெனரல் தாமஸ் மிட்செல் அந்தக் குகைகளை ஆராய்ந்து எலும்புகளைப் பெட்டி பெட்டியாக ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவை கடைசியில் ரிச்சர்ட் ஓவன் கைக்குப் போய்ச் சேர்ந்தன. ஓவன் ஆஸ்திரேலியாவுக்குப் போனதே இல்லை. லண்டனில் உட்கார்ந்தபடியே ஏறக்குறைய ஐம்பது வருஷம் அந்தக் கண்டத்தின் அழிந்த மிருகங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார். 1838இல், மிட்செலின் பயணப் புத்தகத்துக்கு எழுதிய குறிப்பில், முதல் பெயர்: டிப்ரோடோடான். 'முன்னால் நீட்டிய இரண்டு பல்' என்று அர்த்தம்.

ஒரு பல்லிலிருந்து ஆரம்பித்தது அது. முழு உருவம் தெரிய 1890கள் வரை காத்திருக்கவேண்டியிருந்தது. 1892இல் தென் ஆஸ்திரேலியாவின் காலபானா உப்பு ஏரிப் படுகையில் எலும்புக்கூடுகள் இருப்பது தெரியவந்தது. தண்ணீர் வற்றிய ஏரியைக் கடக்கப் போய்ச் சேற்றில் கால் புதைந்து, நின்ற நிலையிலேயே செத்துப்போனவை. அடிலெய்டு ம்யூசியத்தின் ஸ்டர்லிங்கும் ஸீட்ஸும் அவற்றைத் தோண்டி எடுத்துப் பாதம்வரை வர்ணித்தார்கள். வொம்பாட்டைப்போல உள்நோக்கித் திரும்பிய பாதம். சமீபத்திய மதிப்பீட்டில் எடை ஏறத்தாழ 2,700 கிலோ. பையுடைய பிராணிகளில் இதைவிடப் பெரியது இருந்ததாகத் தெரியவில்லை. இதில் பல ஜாதிகள் இருந்ததாகப் பெயர்கள் பெருகிக்கொண்டே போயின. 2008இல் கில்பர்ட் ப்ரைஸ் எல்லாப் பற்களையும் அளந்து பார்த்து, எல்லாம் ஒன்றே, பெரியது ஆண், சிறியது பெண் என்றார்.

ஓவனைப்பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். சாயல் வேறு, உறவு வேறு என்று விலங்கியலில் திட்டமாகப் பிரித்துச் சொன்னவரே அவர்தான். 1843இல் அவர் கொடுத்த விளக்கம் இது: வேலை ஒன்றாக இருக்கும் உறுப்புகள் ஒரு வகை, வேலையும் வடிவமும் எப்படி மாறியிருந்தாலும் அடிப்படையில் அதே உறுப்பாக இருப்பவை இன்னொரு வகை. வண்ணத்துப்பூச்சியின் இறக்கையும் குருவியின் இறக்கையும் முதல் வகை. குருவியின் இறக்கையும் மனிதனின் கையும் இரண்டாம் வகை. உறவைச் சொல்வது இரண்டாவதுதான். ஏன் அப்படி என்பதற்கு, பொது முன்னோர் என்ற காரணத்தை 1859இல் டார்வின் சொன்னார். ஓவன் அதை டார்வின் சொன்னபடி ஏற்கவில்லை. ஆனாலும் பிரிவினை ஓவனுடையது.

அந்த ஓவனே 1873இல் ஒரு தாடைத் துண்டைப் பார்த்து ராட்சதக் கங்காரு என்று தீர்மானித்து, 'பழங்காலத்துத் தாவுவோன்' என்ற அர்த்தத்தில் பாலார்கெஸ்டெஸ் என்று பெயரிட்டார். பல்லின் மேடுகள் கங்காருவின் பல் மேடுகளைப்போல இருந்தன, அவ்வளவுதான் ஆதாரம். 85 வருஷம் அது கங்காருவாகவே தாவிக்கொண்டிருந்தது. 1958இல் குவீன்ஸ்லாந்து ம்யூசியத்தின் ஜாக் வுட்ஸ் அது கங்காருவே அல்ல, டிப்ரோடோடானுக்குச் சொந்தம் என்று காட்டினார். 2020இல் அதன் கைகால் எலும்புகளை ஆராய்ந்தவர்கள், முழங்கை மடக்கவோ நீட்டவோ முடியாமல் ஒரே கோணத்தில் இறுகிப்போன, ஆயிரம் கிலோவரை எடையுள்ள ஜந்து என்கிறார்கள். அது என்றைக்கும் தாவியிருக்க முடியாது. பெயரை மட்டும் மாற்ற முடியாது. முதலில் வைத்த பெயர் நிற்கவேண்டும் என்பது அவர்கள் சட்டம்.

4

இதில் பெரிய சண்டை 'பைச் சிங்கம்' பற்றியது.

1859இல் ஓவன் விக்டோரியா மாநிலத்தின் ஓர் ஏரிக் கரையில் கிடைத்த மண்டையோட்டுக்கு தைலகோலியோ கார்னிபெக்ஸ் என்று பெயரிட்டார். பைச் சிங்கம், கசாப்புக்காரன். வாயின் பக்கவாட்டில் கத்திபோல நீண்ட ஒற்றைப் பல். மாமிசம் அறுக்க அல்லாமல் வேறெதற்கு என்பது அவர் வாதம். லண்டனில் பிளவர் 1868இல் மறுத்தார். சிங்கம், புலி, நாய் எல்லாவற்றுக்கும் கோரைப்பல் உண்டு, இதற்கு அது பெயரளவுக்குத்தான் என்றார். முன்னால் நீட்டிய இரண்டு பல்லோ இலைதின்னிகளான போஸம், கங்காரு வகையின் அடையாளம். ஆகவே இதுவும் மரக்கறிதான். சிட்னியில் கெரார்ட் க்ரெப்ட் அதற்கு முன்பே, 1866இல், இது இன்றைய போஸத்தைவிட அதிகமாக மாமிசம் தின்றிருக்காது என்று எழுதியிருந்தார். பிற்பாடு முலாம்பழம் தின்றிருக்கும் என்றுகூட யோசனை சொன்னவர்கள் உண்டு.

க்ரெப்டைக் கொஞ்சம் அறிமுகப்படுத்தவேண்டும். 1830இல் ஜெர்மனியில் பிறந்தவர். 1852இல் தங்கம் தேடி ஆஸ்திரேலியா வந்து, சுரங்கத்தில் மண் சுமந்து, பிறகு படம் வரையவும் மிருகம் சேகரிக்கவும் தெரிந்தவன் என்ற தகுதியில் ம்யூசிய வேலைக்கு வந்தார். 1860களில் சிட்னி ஆஸ்திரேலியன் ம்யூசியத்தின் காப்பாளர். வெல்லிங்டன் குகைகளைத் திரும்பத் தோண்டி, எலும்புகளையும் அவற்றின் போட்டோக்களையும் ஓவனுக்கு அனுப்பியவர் இவர். ஓவன் புத்தகத்தில் எழுதுவார். இவர் குகையில் இறங்குவார். டார்வின் சொன்னது சரி என்று அந்த ஊரில் பகிரங்கமாகச் சொன்ன சிலரில் ஒருவர். தர்மகர்த்தாக்களோடு ஒத்துப்போகவில்லை, ம்யூசியத்தின் வசதிகளைச் சொந்த சேகரிப்புக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று இவர் சொல்ல, குடிப்பழக்கமும் கடமை தவறியதும் என்று அவர்கள் சொன்னார்கள். 1874இல் வேலை போயிற்று. காலி செய்ய மறுத்துக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். ஆள் வைத்துக் கதவை உடைத்து, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய்த் தெருவில் வைத்தார்கள். 1881இல், கடனில், செத்துப்போனார்.

நியாயமாகப் பார்த்தால் இப்படிப்பட்டவர்தான் சண்டையில் ஜெயித்திருக்கவேண்டும் என்று நமக்கு ஆசையாக இருக்கிறது. சரித்திரம் அதற்கு இடம் தரவில்லை. 1982இல் பல்லின் தேய்மானத்தை உருப்பெருக்கியில் பார்த்தவர்கள் மாமிசம்தான் என்றார்கள். 2005இல் தாடையின் பலத்தைக் கணக்கிட்டவர்கள், உடம்பின் அளவோடு ஒப்பிட்டால் தாங்கள் கணக்கிட்ட பாலூட்டிகளிலேயே இதுதான் மிகப் பலமான கடி என்றார்கள். நூறு கிலோவுக்குமேல் எடை. கட்டைவிரலில் பெரிய நகம். ஓவன் சொன்னதே சரி. கசாப்புக்காரன்தான்.

ஆனால் பிளவரும் க்ரெப்டும் சொன்னதில் பாதி சரி. 1980களில் மண்டையோட்டின் அடிப்பகுதியை நுணுக்கமாக ஒப்பிட்டவர்கள், தைலகோலியோ இலைதின்னிகளின் வம்சத்தைச் சேர்ந்தது, குறிப்பாக வொம்பாட் கோவாலா கிளையைச் சேர்ந்தது என்று கண்டார்கள். மாமிசம் தின்னும் வீட்டில் அது பிறக்கவில்லை. அங்கே பிறந்தவற்றுக்குக் கோரைப்பல் குடும்பச் சொத்து. இதற்கு அந்தச் சொத்து இல்லை. இருந்த பல்லை வைத்துச் சமாளித்தது. முன்பல் கோரைப்பல்லின் வேலையைச் செய்தது. இலை நறுக்க ஏற்பட்ட முன்கடைவாய்ப்பல் நீண்டு கத்தியாயிற்று.

இரண்டு தரப்பும் செய்த தவறு ஒன்றுதான். எப்படிப் பிழைத்தது என்ற கேள்வியையும் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியையும் ஒரே கேள்வியாக நினைத்தார்கள். கத்தியைப் பார்த்தவர் சிங்கத்தோடு வைத்துப் பேசினார். வம்சத்தைப் பார்த்தவர்கள் கத்தியைப் பார்க்க மறுத்தார்கள். வங்கியில் இதைச் செய்தால் ஒரு கணக்கின் பற்றை இன்னொரு கணக்கில் வைத்தவன் என்று மெமோ வரும்.

5

கோவாலாவுக்குத் திரும்புவோம். 1945இல் ஜார்ஜ் கேலார்ட் சிம்ஸன் பாலூட்டிகள் அனைத்தையும் வகைப்படுத்தி வெளியிட்ட பெரிய நூலில்கூடக் கோவாலா போஸம் குடும்பத்தில்தான் இருக்கிறது; சுருள்வால் போஸங்களோடு ஒரே பிரிவில். காரணம் கடைவாய்ப் பல்லின் பிறை வடிவ விளிம்புகள். இரண்டும் இலை தின்பவை. இலை தின்ன அந்த விளிம்பு தேவை. உணவு உண்டாக்கிய சாயலை உறவாகப் படித்திருக்கிறார்கள். வொம்பாட்டுக்குத் தனிக் குடும்பம் கொடுத்துத் தனியாக உட்காரவைத்திருந்தார்கள்.

இந்த அடுக்கைக் கலைத்த ஆதாரங்கள் எல்லாம் கண்ணுக்குச் சட்டென்று தெரியாதவை என்பதைக் கவனிக்கவேண்டும். 1965இல் ஹ்யூஸ் என்பவர் பையுடைய பிராணிகளின் விந்தணுக்களை ஒப்பிட்டார். கோவாலாவின் விந்தணுத் தலை கொக்கிபோல வளைந்திருந்தது. வொம்பாட்டுக்கும் அப்படியே. கங்காரு, போஸம் எதற்கும் அப்படி இல்லை. 1968இல் ஜான் கிர்ஷ் ரத்தத்தின் புரதங்களை ஒப்பிட்டார். கோவாலாவின் ரத்தம் போஸத்தைவிட வொம்பாட்டுக்கே நெருக்கம் என்று வந்தது. 1977இல் விரிவாக எழுதினார். பிறகு பழைய உடற்கூற்றுக் குறிப்புகளைத் தூசி தட்டினார்கள். இரண்டின் இரைப்பைச் சுவரிலும் ஒரே விசேஷ சுரப்பித் திட்டு. இரண்டுக்கும் வால் இல்லாத குறை. இரண்டின் பையும் கங்காருவின் பையைப்போல மேல்நோக்கித் திறப்பதில்லை. மண் தோண்டுகிற வொம்பாட்டுக்குப் பையில் மண் விழாமலிருக்க அது உபயோகம். மரத்தில் நிமிர்ந்து உட்காருகிற கோவாலாவுக்கு அதனால் என்ன லாபம் என்று சொல்வது கஷ்டம். லாபமில்லாத ஒற்றுமைதான் உறவுக்கு நல்ல சாட்சி.

1984இல் உட்பர்ன் இந்தக் கிளைக்கு வொம்பாட்டிபார்மிஸ் என்று பெயரிட்டார். 1987இல் ஆப்லினும் ஆர்ச்சரும் கோவாலாக்கள் ஒரு பக்கம், வொம்பாட், டிப்ரோடோடான், பாலார்கெஸ்டெஸ், தைலகோலியோ எல்லாம் மறு பக்கம் என்று கிளையை இரண்டாகப் பிரித்தார்கள். அந்தப் பிரிவு பெரும்பாலும் நிலைத்திருக்கிறது. தைலகோலியோ எந்த இடத்தில் ஒட்டுகிறது என்பதில் மட்டும் இன்னும் அபிப்பிராய பேதம் உண்டு.

எலும்புகளும் இதை ஒட்டியே பேசின. 1967இல் ஸ்டர்டன், டெட்போர்ட், உட்பர்ன் மூவரும் தென் ஆஸ்திரேலியப் பாலைவனத்தின் ஒரே படிவத்திலிருந்து ஒரு பழைய கோவாலாவையும் ஒரு பழைய வொம்பாட்டையும் வர்ணித்தார்கள். அந்த வொம்பாட்டின் பல்லுக்கு வேர் இருந்தது. ஆயுள் முழுக்க வளரும் எலிப் பல் பிற்காலத்தில் வந்தது. புல் தின்னத் தொடங்கியபின் சம்பாதித்தது. ஜெப்ராய் எதைப் பார்த்து எலி என்றாரோ அது அந்தக் குடும்பத்தின் பிறவிக் குணமே அல்ல. குவீன்ஸ்லாந்தின் ரிவர்ஸ்லே சுண்ணாம்புப் பாறைகளில், 1.5 கோடி வருஷத்துக்கு முந்திய ஒரு குகைக் குழியில், நிம்பாடான் கிடைத்தது. டிப்ரோடோடானின் குடும்பம், 70 கிலோ எடை. 2012இல் அதன் கைகால்களை ஆராய்ந்தவர்கள் அது கோவாலாவைப்போல மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறியது என்றார்கள். கோவாலாபோல இருந்தும் கோவாலாவின் பக்கம் இல்லை. 2023இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குத் தெற்கே கிடைத்த பற்களிலிருந்து லூமாகோவாலா என்ற 2.5 கோடி வருஷத்துப் பிராணிக்குப் பெயர் வைத்தார்கள். பூனை அளவுகூட இல்லாதது, ஆனாலும் கோவாலாவின் பக்கம்.

முக்குபிர்ணாவின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1973இல் பின்பா என்ற உப்பு ஏரியின் தரை மணல் விலகித் தெரிந்தபோது, டெட்போர்டின் குழு ஒரு எலும்புக்கூட்டைக் கண்டு எடுத்து, நியூயார்க் ம்யூசியத்துக்கு அனுப்பியது. அது அங்கே அலமாரியில் இருந்தது. 2020இல்தான் ராபின் பெக்கும் மற்றவர்களும் அதை வர்ணித்தார்கள். வொம்பாட்டுக்கு நெருங்கியது, 150 கிலோ அளவு, ஆனால் எந்தக் குடும்பத்திலும் அடங்காததால் புதுக் குடும்பம். அந்தப் பகுதியின் ஆதிகுடி மொழிகளில் 'பெரிய எலும்பு' என்பதுதான் பெயருக்கு அர்த்தம். கரடி என்றோ சிங்கம் என்றோ யாரும் பெயர் வைக்கவில்லை. அவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.

47 வருஷம் அலமாரியில் கிடந்ததைச் சோம்பேறித்தனம் என்று சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியாத தொகையை வங்கியில் சஸ்பென்ஸ் கணக்கில் வைக்கிறோம். தெரியாததைத் தெரியாது என்று எழுதிவைப்பதற்கும் ஒரு பேரேடு வேண்டியிருக்கிறது. விலங்கியலிலும் 'ஸ்தானம் தெரியாதவை' என்று ஒரு தலைப்பு உண்டு. இலக்கிய விமர்சனத்தில் அப்படி ஒரு தலைப்பு இல்லை என்பது நம்முடைய பெரிய குறை. ஒரு புத்தகம் கைக்கு வந்த வாரத்திலேயே அதை யாரோடாவது சேர்த்துவிடவேண்டியிருக்கிறது நமக்கு.

6

இப்போது 1808ஆம் வருஷத்து ஹோமின் வாக்கியம். கோவாலா வொம்பாட்டில் ஒரு வகை என்று அன்றே சொன்னாரே, அவரைக் கண்டுகொள்ளாதது அநியாயம் என்று சொல்லத் தோன்றும். அந்த மண்ணின் மக்களுக்குத் தெரிந்தது லண்டனுக்கும் பாரிஸுக்கும் தெரியவில்லை என்று மேலும் ஒரு படி போகலாம். இப்படிச் சொல்வது மேடையில் எடுபடும். ஆனால் 'கோவாலா வொம்பாட்' என்பது ஆதிகுடிகளின் வார்த்தையா, அல்லது இரண்டு வார்த்தையைக் கேட்டு ஒன்றாக்கிய குடியேறிகளின் பேச்சா என்பது ஒற்றைக் குறிப்பிலிருந்து தெரியாது. ஹோமும் கோவாலாவை அறுத்துப் பார்த்து அப்படிச் சொல்லவில்லை. 1920களில் அமெரிக்காவுக்குப் போன கோவாலாத் தோல்கள் 'வொம்பாட்' என்ற பெயரில் விற்கப்பட்டதுண்டு. 1927 ஆகஸ்டில் மட்டும் குவீன்ஸ்லாந்தில் ஐந்து லட்சத்துக்குமேல் கோவாலாக்களைக் கொன்றார்கள். தோல் வியாபாரிகளும் கிர்ஷுக்கு நாற்பது வருஷம் முந்தியே 'உறவைக் கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று யாரும் சொல்லமாட்டோம். இரண்டு தப்பு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பேரேடு டாலி ஆவதை நான் பார்த்திருக்கிறேன். டாலி ஆவதும் கணக்கு சரியாக இருப்பதும் ஒன்றல்ல. ஹோமின் விடை சரி. வழி இல்லாத விடை. வழியைப் போட 1965 வரை ஆயிற்று.

இதை எனக்கே சொல்லிக்கொள்ளவேண்டியிருந்தது. சென்ற வருஷம் வீட்டுக்கடன் பிரிவில் ஒரு பழைய கிரயப் பத்திரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சக்குபந்தி. வடக்கே இன்னார் நிலம், கிழக்கே வாய்க்கால், தெற்கே வண்டிப்பாதை, மேற்கே புளியமரமும் கல்லும். வினைச்சொல் கிடையாது, பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. அந்தக் கவியின் வரிகள் அப்படியே காதில் விழுந்தன. பத்து வருஷமாக மாதத்துக்கு இருபது பத்திரம் படிக்கிறேன். ஆனால் மதிப்புரை எழுதும்போது ஞாபகம் வந்தது ஐரோப்பா.

உடனே ஒரு திருத்தக் கட்டுரை எழுத உட்கார்ந்தேன். பாதியில் நிறுத்தினேன். இதுவும் சாயல்தானே? ஓர் அலமாரியிலிருந்து எடுத்து இன்னோர் அலமாரியில் வைப்பதற்கு முன் கேட்கவாவது வேண்டாமா? கவிக்கே எழுதிக் கேட்டேன். மூன்று வாரம் கழித்து அதேமாதிரி ஒரு கார்டு வந்தது. 'அப்பா பத்திரம் எழுதுகிறவர் ஸார். கண் மங்கிய பிறகு அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன், பதிமூன்று வயசிலிருந்து.' கவிதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுதுகிறாரா என்று நான் கேட்டிருந்ததற்கும் பதில் இல்லை.

க்ரெப்ட் வெல்லிங்டன் குகையில் கண்டெடுத்த ஒரு வொம்பாட் மண்டையோட்டுக்கு, 1870களின் தொடக்கத்தில், ஓவன் க்ரெப்டின் பெயரையே வைத்தார். தைலகோலியோ விஷயத்தில் எதிரே நின்றவரின் பெயர் அது. கல்லாய்ப்போன எலும்புக்கு வைத்த அந்தப் பெயர், குவீன்ஸ்லாந்தில் உயிரோடு திரியும் ஒரு வொம்பாட்டுக்கும் உரியது என்று பிற்பாடு தெரிந்தது. இடையில் அதற்கு 1900இலும் 1939இலும் வேறு வேறு பெயர்கள் வைத்திருந்தார்கள். அவற்றைச் சேர்த்து ஒன்றாக்கினார்கள். 1980களின் தொடக்கத்தில் எப்பிங் காட்டில் அது சுமார் 35 மட்டும் மிஞ்சியிருந்தது. வேலி போட்டு, தண்ணீர் வைத்துக் காப்பாற்றி, இன்று முந்நூறுக்குமேல் இருக்கிறது. 2009இலிருந்து வேறு இடத்திலும் குடியேற்றியிருக்கிறார்கள்.

விலங்கியல்காரர்கள் ஒரு தவறான பெயரை நீக்கும்போது அழித்துவிடுவதில்லை. சரியான பெயருக்குக் கீழே, யார், எந்த வருஷம் வைத்தது என்ற விவரத்தோடு அது அச்சாகிக்கொண்டே இருக்கிறது. ஜெப்ராயின் பை எலி இன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. வங்கியிலும் அப்படித்தான்: தவறான பதிவை அடிக்கவோ சுரண்டவோ அனுமதியில்லை, காரணம் எழுதி எதிர்ப்பதிவுதான் போடலாம். நாலு வருஷத்துக்கு முந்திய என் மதிப்புரை அந்த இதழில் அப்படியே இருக்கும். இது எதிர்ப்பதிவு.